சேதி வரும் வழி

1

உள்ளே மைனஸ் 185 டிகிரி. வெளியே நாம் சட்டை போட்டுக்கொண்டு நடமாடும் அறை. இரண்டுக்கும் நடுவே எட்டித் தொட்டுவிடும் தூரம்தான். அந்தத் தூரத்தை ஒரு கம்பி கடக்க வேண்டும். கம்பி கடக்கலாம், காற்று கடக்கக் கூடாது. சூடும் கூடிய மட்டும் கடக்கக் கூடாது.

இந்தக் கடப்புக்கு வழிவிடும் உறுப்பை எங்கள் தொழிலில் ஃபீட்த்ரூ என்போம். தமிழில் என்ன சொல்லலாம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். ஊடுவழி எனலாம். கடவு எனலாம், கடவுச்சீட்டுக்குள் உறங்கிக் கிடக்கும் பழைய சொல். ஆனால் பட்டறையில் "ஃபீட்த்ரூ வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

குளிர்கலன்களோடும் வெற்றிடப் பம்புகளோடும் சில வருஷம் வேலை பார்த்தேன். நான் செய்தவை சிறியவை, பத்துக் கம்பி, இருபது கம்பி. பெரியவற்றைப் படித்துத்தான் தெரியும். படிக்கப் படிக்க, என் இருபது கம்பிகளில் நான் பட்ட பாடுதான் அங்கேயும் இருக்கிறது, எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கிறது என்று பட்டது. அந்த நினைப்பில் எழுதிவைத்த குறிப்புகள் இவை.

2

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், தரைக்கு 100 மீட்டர் கீழே, அட்லஸ் என்ற உணர்கருவி இருக்கிறது. செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் எதிரெதிராக ஓடிவரும் புரோட்டான்கள் மோதிக்கொள்ளும் இடம் ஒன்றைச் சுற்றிக் கட்டியது. அதன் வயிற்றில் மூன்று குளிர்கலன்கள், நடுவில் ஒன்று, இரு முனைகளிலும் ஒவ்வொன்று. மூன்றிலும் திரவ ஆர்கான்.

நடுக்கலனில், ஆர்மோனியத்தின் துருத்தி போல மடித்த ஈயத் தகடுகள் ஆர்கானில் மூழ்கிக் கிடக்கின்றன. தகடுகளுக்கிடையே மின்முனைகள். மோதலில் பிறந்த எலக்ட்ரானோ ஒளித்துகளோ ஈயத்தில் பட்டால் ஒன்று பலவாகிப் பொழியும். அந்தப் பொழிவு ஆர்கான் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைக் கழற்றிவிடும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் 2000 வோல்ட் இழுக்க, அவை நகரும். கடந்து முடிக்க ஒரு நொடியின் கோடியில் நான்கைந்து பங்கு. அந்த நகர்வுதான் சேதி. திரவ ஆர்கானை இப்படிக் கேட்கும் காதாக்கலாம் என்று வில்லியம் வில்லிஸும் வெல்கோ ராடெக்காவும் 1974-ல் எழுதினார்கள்.

அட்லஸில் இந்தச் சேதி 1,82,468 தனித்தனி வாய்க்கால்களில் வருகிறது. வெளியே வர 114 ஃபீட்த்ரூக்கள். நடுக்கலனுக்கான 64-ஐ அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் செய்தது. முனைக்கலன்களுக்கு ஒவ்வொன்றிலும் 25, கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் செய்தவை. ஒவ்வொரு ஃபீட்த்ரூவிலும் 1920 கம்பித் தடங்கள்.

நான் இருபதுக்கே இரண்டு மாதம் தூக்கம் கெட்டவன்.

3

ஆர்கான் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சோம்பேறி என்று பொருள். யாரோடும் சேராத வாயு என்பதால் 1894-ல் அதைக் கண்டெடுத்த ராலேயும் ராம்சேயும் அந்தப் பெயரை இட்டார்கள். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அதுதான். உள்ளே போய் எதையும் செய்யாமல் திரும்பி வந்துவிடும்.

எதையும் பிடித்துவைத்துக்கொள்ளாத அந்தக் குணம்தான் இங்கே வேண்டியிருக்கிறது. தன்னிடமிருந்து கழன்ற எலக்ட்ரானை ஆர்கான் வழிமறிக்காது, போகவிடும்.

திரவமாக இருப்பதில் மட்டும் அது பிடிவாதக்காரன். சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 186-ல் கொதிக்கும், மைனஸ் 189-க்குச் சற்றுக் கீழே உறைந்துவிடும். நடுவே மூன்றரை டிகிரி. தண்ணீர் நூறு டிகிரி அகலத்துக்குத் தண்ணீராக இருந்து நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. அட்லஸ் கலன்களில் அழுத்தம் கொஞ்சம் கூடுதல், அதனால் ஆர்கான் மைனஸ் 185-ஐ ஒட்டிக் கொதிக்காமல் கிடக்கிறது. ஒரு குமிழி எழுந்தாலும் வம்பு, உயர்மின்னழுத்தம் அங்கே தாவப் பார்க்கும். ஒரு டிகிரி ஏறினால் சேதியின் அளவு இரண்டு சதவீதம் குறையும்.

இப்படிப்பட்ட ஓர் அமைதிக்குள்தான் வெளியுலகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு லட்சம் கம்பிகளை விட வேண்டும்.

4

1853-ல் வீடெமான், ஃபிரான்ஸ் என்ற இரு ஜெர்மானியர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் சூட்டையும் நன்றாகக் கடத்துகிறது, ஏறக்குறைய ஒரே விகிதத்தில். காரணம் பின்னால்தான் தெரிந்தது. உலோகத்தில் இரண்டையும் சுமப்பவை அதே எலக்ட்ரான்கள். சேதி கொண்டுவரும் ஆளே சூட்டையும் கொண்டுவருகிறான், ஆளை மாற்ற முடியாது.

இந்த விதியை நான் பாடப்புத்தகத்தில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்தும்விட்டேன். முதல் குளிர்கலனில் தாமிரக் கம்பியைப் போட்டு, குளிரூட்டும் திரவ நைட்ரஜன் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீர்ந்தபோது மறுபடி படித்தேன்.

சேதி மட்டும் வேண்டும், சூடு வேண்டாம் என்று உலோகத்திடம் கேட்க முடியாது. பேரம்தான் பேசலாம். கம்பியை மெலிதாக்கலாம், நீளமாக்கலாம். மெலிந்தால் சூடு குறையும், சேதியும் சற்றுத் தேயும். நீண்டால் சூடு தயங்கும், வழியில் இரைச்சல் ஏறும். எவ்வளவு சூட்டைப் பொறுத்துக்கொண்டு எவ்வளவு சேதியைக் கேட்கப் போகிறாய் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

சில உறவுகளை நினைத்துக்கொண்டேன். அதை இங்கே எழுதவில்லை.

5

பழைய காகிதம் ஒன்றின் பின்புறத்தில் போட்ட கணக்கு. அட்லஸின் உண்மையான கம்பி அளவுகள் அல்ல, மனசுக்குப் பிடிபடுவதற்காக நானே வைத்துக்கொண்டவை.

தலைமுடிப் பருமன் தாமிரக் கம்பி, பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டம். நீளம் அரை மீட்டர். ஒரு முனை அறை வெப்பத்தில், மறுமுனை ஆர்கானில். அதன் வழியே இறங்கும் சூடு ஒரு மில்லிவாட்டுக்குச் சற்று மேல். ஒன்றுமே இல்லை. ஒரு கொசு உட்கார்ந்த மாதிரி.

114 ஃபீட்த்ரூ, ஒவ்வொன்றிலும் 1920. பெருக்கினால் 2,18,880. இப்போது கிட்டத்தட்ட 285 வாட். உட்காரும் அறையில் நான்கு மின்விசிறி ஓடுகிற சக்தி. அதை அப்படியே விட்டால் மணிக்கு நாலரை லிட்டர் திரவ ஆர்கான் கொதித்துப் போகும். விடுவதில்லை. கலனுக்குள் ஓடும் திரவ நைட்ரஜன் குழாய்கள் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கின்றன, வருஷக் கணக்கில், இரவும் பகலும்.

குறை என்பது பெரும்பாலும் அளவில் சிறியதாக இருப்பதும் எண்ணிக்கையில் பெரியதாக இருப்பதும்தான். ஒரு கம்பியைப் பார்த்துக் கோபப்பட வழியில்லை.

6

ஃபீட்த்ரூவைக் கையில் பிடிக்காதவர்கள் கிடையாது. குண்டு பல்பு ஒரு ஃபீட்த்ரூதான். உள்ளே காற்றில்லை, வெளியே காற்று. நடுவே கண்ணாடி. கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு இரண்டு கம்பிகள் உள்ளே போகின்றன.

ஆரம்ப கால பல்புகளில் அந்தக் கம்பி பிளாட்டினம். ஆடம்பரத்துக்கு அல்ல. சூடேறினால் கண்ணாடி எவ்வளவு விரியுமோ ஏறக்குறைய அதே அளவுதான் பிளாட்டினமும் விரியும். பிறகு விலை தாங்காமல், நிக்கல் இரும்புக் கம்பிக்குத் தாமிரம் போர்த்திப் பயன்படுத்தினார்கள். 1930-களில் வெஸ்டிங்ஹவுஸில் ஹோவர்ட் ஸ்காட் இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றையும் கலந்து கோவார் என்ற உலோகத்தைக் கொண்டுவந்தார். கடினக் கண்ணாடியின் விரிவைக் காப்பியடிப்பதற்கென்றே பிறந்த உலோகம். ரேடியோ வால்வுகளின் காலம் அது.

அட்லஸ் ஃபீட்த்ரூவிலும் அதே பழைய வித்தைதான். உலோகச் சட்டம், அதற்குள் கண்ணாடி, கண்ணாடிக்குள் தங்கமுலாம் பூசிய ஊசிகள். ஊசிக்கு ஊசி தனித்தனிக் கண்ணாடி உறை. பல்பில் இரண்டு, இங்கே 1920.

கண்ணாடியும் உலோகமும் ஒட்டிக்கொண்டிருப்பது பசையின் வலுவால் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பசை கொஞ்சம்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்து சுருங்குகின்றன, சேர்ந்து விரிகின்றன. சில அடைப்புகளில் வெளிச்சட்டத்தை வேண்டுமென்றே சற்று அதிகம் சுருங்கும் உலோகத்தில் செய்வார்கள், அது கண்ணாடியை எப்போதும் அணைத்து இறுக்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடி இழுத்தால் உடையும், இறுக்கினால் தாங்கும்.

7

என் பிழை ஒன்று.

ஒரு சிறு குளிர்கலனுக்குக் கம்பிகளை எபாக்சிப் பிசினில் புதைத்து ஃபீட்த்ரூ வார்த்தேன். திரவ நைட்ரஜனில் முக்கினேன். எடுத்துச் சோதித்தேன், கசிவில்லை. இரண்டாம் முறையும் கசிவில்லை. பொருத்திவிட்டேன். கலனுக்குள் அது மூன்றாம் முறை குளிர்ந்தது, அன்று இரவே வெற்றிட அளவி மெல்ல ஏறத் தொடங்கியது.

பிரித்துப் பார்த்தால் கம்பிக்கும் பிசினுக்கும் நடுவே முடியைவிட மெலிதாக ஒரு கோடு. பிசின் உலோகத்தைவிடப் பல மடங்கு சுருங்கும். முதல் தடவையே அது உள்ளுக்குள் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், வெளியே காட்டியது மூன்றாம் தடவை.

குளிரைத் தாங்குவது பெரிய காரியமில்லை. குளிர்ந்து, சூடாகி, மறுபடி குளிர்வதைத் தாங்க வேண்டும். அதனால்தான் பெரிய கருவிகளுக்கான ஃபீட்த்ரூக்களைத் திரும்பத் திரும்ப நைட்ரஜன் குளிருக்கு இறக்கி ஏற்றிச் சோதிக்கிறார்கள். அவற்றைச் செய்து முடிக்க ஆன காலத்தில் ஒரு பங்கு இப்படிக் காத்திருந்ததிலேயே போயிருக்கும்.

அட்லஸின் நடுக்கலன் அலுமினியம். ஒரு மீட்டர் அலுமினியம் ஆர்கான் குளிருக்கு இறங்கும்போது நான்கு மில்லிமீட்டர் சுருங்கும், ஆறரை மீட்டரென்றால் ஓர் அங்குலம். உட்கலன் இப்படிச் சுருங்கும்போது வெளிக்கலன் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டையும் இணைக்கும் ஃபீட்த்ரூவுக்கு விறைத்து நிற்கும் உடம்பு ஆகாது. அதன் இடுப்பில் மெல்லிய எஃகுத் துருத்தி ஒன்று இருக்கிறது. வளைந்துகொடுப்பது அதன் ஒரு வேலை. மடிப்பு மடிப்பாக இருப்பதால் சூடு நடக்க வேண்டிய தூரத்தைக் கூட்டுவது இன்னொன்று.

8

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணையைத் தாண்டி வாசற்படி ஏறினால் உடனே கூடம் வராது. நடுவில் ரேழி. வெயிலில் வந்தவன் அங்கே ஒரு நிமிஷம் நிற்பான், கண்ணிருட்டு தெளியும், வியர்வை அடங்கும். தெருவின் புழுதியும் கூடத்தின் குளிர்ச்சியும் நேரே சந்தித்துக்கொள்ளாமல் ரேழி பார்த்துக்கொள்ளும்.

ஃபீட்த்ரூவிலும் இரண்டு கதவுகள். ஆர்கான் பக்கம் குளிர்ந்த தகடு, அறைப் பக்கம் வெதுவெதுப்பான தகடு. இரண்டிலும் கண்ணாடி ஊசிகள். நடுவே வெற்றிடம். வெற்றிடத்துக்குள் ஒரு தகட்டின் ஊசியிலிருந்து மறு தகட்டின் ஊசிக்குப் பாலிமைடுப் பட்டையில் படிந்த மெல்லிய தாமிரக் கோடுகள் போகின்றன. காற்று இல்லாததால் காற்றின் வழியே சூடு வராது. கோடுகள் மெலிதானதால் உலோகத்தின் வழியேயும் தயங்கித் தயங்கித்தான் வரும்.

உள்கதவு கசிந்தால் வெளிக்கதவு இருக்கிறது. வெளிக்கதவு கசிந்தால் உள்கதவு இருக்கிறது. பயம் தெரிந்தவர்கள் கட்டியது. நல்ல பொறியியலில் நான் விரும்பும் குணம் இந்த அடக்கமான பயம்தான்.

9

கசிவு தேடுதல்.

வெற்றிடப் பக்கம் ஒரு கருவியைப் பொருத்துவோம். ஹீலியம் அணு எது, மற்றது எது என்று எடைபார்த்துச் சொல்லும் கருவி. முதன்முதல் அது உருவானது இரண்டாம் உலகப்போரின் அணுகுண்டுத் திட்டத்துக்காக, ஆல்ஃப்ரெட் நியரின் கைவண்ணத்தில். வெளிப்பக்கம் நின்று மெல்லிய ஊசி முனையால் ஹீலியத்தைப் பீய்ச்சிக்கொண்டே போவோம். எங்காவது ஓட்டை இருந்தால் ஹீலியம் நுழையும், கருவி கத்தும்.

முதல் நாள் நான் கீழிருந்து தொடங்கினேன். எங்கள் பிரிவின் மூத்த டெக்னீஷியன், அண்ணன் என்றே எல்லோரும் கூப்பிடுவோம், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "மேலேர்ந்து ஆரம்பி தம்பி. பலூன்ல இருக்குற அதே கேஸ்தான், மேலதான் போவும். நீ கீழ அடிச்சா மேல இருக்குற ஓட்டை கத்தும். நீ கீழயே தேடிக்கிட்டுக் கெடப்ப."

எத்தனையோ முறை வாழ்க்கையில் கீழேயே தேடிக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

எங்கள் அளவுகோலில், நொடிக்கு நூறு கோடியில் ஒரு பங்கு மில்லிபார் லிட்டர் என்பது நல்ல அடைப்புக்கான கசிவு. அந்த வேகத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்று, ஒரு சுண்டுவிரல் நுனி அளவு, உள்ளே நுழைய 32 வருஷம் ஆகும். அப்படி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டு இது பரவாயில்லை, இது கூடாது என்று முடிவெடுப்போம். முழுக்க அடைத்தது என்று எதுவும் கிடையாது. எவ்வளவு மெதுவாகக் கசிகிறது என்பதுதான் கேள்வி.

10

ஏன் இவ்வளவு பயம் என்றால், ஆக்சிஜன்.

ஆர்கான் போகவிடும் எலக்ட்ரானை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். நமக்கு உயிர் தரும் அதே பசிதான். ஆக்சிஜனில் மாட்டிய எலக்ட்ரான் சேதி சொல்ல நேரத்துக்குப் போய்ச்சேராது. அட்லஸில் பயணம் இரண்டு மில்லிமீட்டர்தான், ஆகவே பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கலப்பு என்றாலே சமாளிக்கலாம்.

டியூன் என்ற நியூட்ரினோ சோதனையின் ஒரு வகைக் கலனில் எலக்ட்ரான் மூன்றரை மீட்டர் நகர வேண்டும். மில்லிமீட்டர் ஒன்றரையைக் கடக்க ஒரு மைக்ரோநொடி, ஆக முழுப் பயணத்துக்கு இரண்டு மில்லிநொடிக்கு மேல். நமக்குக் கண் இமைக்கும் நேரத்தில் பத்திலொரு பங்கும் இல்லை. எலக்ட்ரானுக்கு அது நெடும் பயணம். அங்கே கலப்பு லட்சம் கோடியில் நூறு பங்குக்குள் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் கம்பியின் மேலுறைகூடச் சந்தேகத்துக்குரியது. பிளாஸ்டிக் உறை தனக்குள் ஈரத்தை ஒளித்துவைத்திருக்கும். குளிரில் மூழ்கிய பகுதி வாயைத் திறக்காது. மேலே ஃபீட்த்ரூவை ஒட்டி வெதுவெதுப்பான வாயுவில் இருக்கும் பகுதிதான் மெல்ல மெல்ல ஈரத்தை விடும். அது கீழே இறங்காதபடி அந்தக் கழுத்துப் பகுதியிலிருந்து ஆர்கான் வாயுவை ஓயாமல் உறிஞ்சி எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள்.

வாசலில் நிற்பவனிடமிருந்துதான் அழுக்கு வருகிறது. அவனில்லாமலும் ஆகாது.

11

ஏரிக்கரையில் மதகு இருக்கும். கரையின் வேலை தண்ணீரைத் தடுப்பது, மதகின் வேலை விடுவது. இரண்டும் ஒரே சுவரில். ஃபீட்த்ரூவுக்கு உவமை கிடைத்தது என்று சில நாள் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு சரிவரவில்லை. மதகு, ஏரி எதை வைத்திருக்கிறதோ அதையே வெளியே விடுகிறது. ஃபீட்த்ரூ ஆர்கானில் ஒரு துளியையும் விடுவதில்லை. ஆர்கானுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் விடுகிறது.

அதோடு, போக்கு ஒருவழி இல்லை. அட்லஸின் கம்பிகளில் ஒரு பகுதி வெளியிலிருந்து உள்ளே போகிறது. அளவு தெரிந்த ஒரு மின்துடிப்பை வெளியே உண்டாக்கி, ஆர்கானுக்குள் மூழ்கியிருக்கும் துல்லியமான மின்தடைகள் வழியே மின்முனைகளுக்கு அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறார்கள். 'நான் இவ்வளவு சொன்னேன், நீ எவ்வளவு கேட்டாய்?' என்கிற கேள்வி அது. இந்தக் கேள்வியைக் கேட்டு ஒத்துப்பார்த்த பிறகுதான், தானாக வரும் சேதியை நம்புகிறார்கள்.

12

கண்ணாடி மட்டுமே வழியில்லை என்று இக்காரஸ்காரர்கள் காட்டினார்கள். கார்லோ ருபியா 1977-ல் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த இத்தாலியத் திரவ ஆர்கான் கருவி அது. கிரான் சாசோ மலைக்கடியில் இருந்தது, பிறகு செர்ன் போய்ப் பழுதுபார்க்கப்பட்டு, 2017-ல் அமெரிக்காவின் ஃபெர்மிலேபுக்குக் கப்பலேறியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பிகள்.

அங்கே சுவராக நிற்பது மின்சுற்றுப் பலகை. நம் டிவிக்குள், செல்போனுக்குள் இருக்கும் பலகையின் தடித்த உறவுக்காரன். பல அடுக்குகள். உள்பக்கம் ஓரிடத்தில் நுழையும் தாமிரத் தடம் பாதிப் பலகையோடு நின்றுவிடும். நடு அடுக்கில் பக்கவாட்டில் நகரும். பிறகு வேறோரிடத்தில் வெளிப்பக்கம் எழும். ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு நேராகப் போகும் துளை எதுவும் இல்லை. வழி உண்டு, ஓட்டை இல்லை.

பழைய கோட்டைகளில் வாயிலுக்குள் நுழைந்ததும் சுவர் வந்து முகத்தில் முட்டும், திரும்பித்தான் உள்வாயிலைப் பார்க்க முடியும். யானையால் ஓடிவந்து முட்ட முடியாது. மனிதன் நடந்து போய்விடுவான். அந்தக் கொத்தனுக்கும் இந்தப் பலகையை வரைந்தவருக்கும் ஒரே யோசனை.

13

கம்பிக்கு எப்படி நல்ல வாசல் கட்டுவது என்பது பழைய கேள்வி. இத்தனை கம்பி வெளியே வரத்தான் வேண்டுமா என்பது அடுத்தது.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் லீட் என்ற ஊர். ரேமண்ட் டேவிஸ் சூரியனின் நியூட்ரினோக்களை எண்ணிய அதே பழைய தங்கச் சுரங்கம். அங்கே ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் டியூனின் குகைகளைக் குடைந்து முடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கலனும் 17,000 டன் ஆர்கானுக்கானது. 1300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஃபெர்மிலேபிலிருந்து நியூட்ரினோக்கள் மண்ணுக்கடியில் வரப்போகின்றன. டியூனின் சிறு வடிவத்தைச் செர்னில் 770 டன் ஆர்கானோடு 2018-ல் ஓட்டிப் பார்த்தார்கள். அதில் 15,360 உணர்கம்பிகள்.

அட்லஸில் பெருக்கும் வேலையும் எண்ணாக்கும் வேலையும் பெரும்பாலும் வெளியே நடக்கிறது. டியூனின் கம்பி வகைக் கலனில் அதற்கான சில்லுகளை ஆர்கானுக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள், கம்பிக்குப் பக்கத்திலேயே. குளிரில் அவற்றின் இரைச்சல் குறைகிறது. 128 கம்பிகளின் பேச்சைக் கேட்டு, எண்ணாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிறுத்தி, நான்கே இணைக் கம்பிகளில் மேலே அனுப்புகின்றன. ஃபீட்த்ரூ சட்டென்று இளைத்துவிட்டது.

ஒன்றை எழுதிவைக்க வேண்டும். அட்லஸின் வழியில் சில்லு கெட்டால் மாற்றலாம். இந்த வழியில் ஆர்கானை நிரப்பிய பிறகு யார் கையும் உள்ளே போகாது. அந்தச் சில்லுகள் முப்பது வருஷம் தனியே இருக்க வேண்டும் என்று நினைத்து வடிவமைக்கப்பட்டவை. வாசலின் சுமையைக் குறைத்தால் உள்ளே இருப்பவனின் சுமை கூடும்.

இரண்டுக்கும் நடுவேயும் ஒன்று உண்டு. டியூனின் இன்னொரு வகைக் கலனில் மேல்கூரையிலிருந்து நீண்ட புகைபோக்கிகள் போலக் குழாய்கள் இறங்குகின்றன. அடியில் ஒரு ஃபீட்த்ரூ, மேலே ஒன்று. பெருக்கிகள் நடுவில் குளிரான இடத்தில் தொங்கும். வேண்டும்போது ஆர்கானைத் தொடாமல் மேலே உருவி எடுத்துக்கொள்ளலாம். மறுபடியும் ரேழி. இந்தத் தடவை ரேழியிலேயே ஆளைக் குடிவைத்துவிட்டார்கள்.

14

வீடெமானும் ஃபிரான்ஸும் சொன்னது உலோகத்துக்கு. உலோகமே இல்லாவிட்டால்?

டியூனின் இந்த இரண்டாம் வகையில் ஒளி உணரிகள் சில, மூன்று லட்சம் வோல்ட்டில் நிற்கும் மின்முனைப் பரப்பின்மேல் உட்கார வேண்டும். அங்கே தாமிரக் கம்பி போனால் மின்னழுத்தம் கம்பி வழியே ஓடிவந்துவிடும். ஆகவே கண்ணாடி இழையை அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து லேசர் ஒளி இழை வழியே இறங்குகிறது. உள்ளே ஒளியை மின்சாரமாக்கும் சிறு தகடு. அதில்தான் உணரி இயங்குகிறது. சேதியும் ஒளியாகவே இழை வழியே திரும்புகிறது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டையும் அரிதாகவே கடத்தும்.

படித்த அன்று ஏமாற்றிவிட்டார்களே என்று சிரித்தேன். பிறகு மேலும் படித்தேன். இழையின் ஓரத்தில் ஒளி துளி கசிந்தாலும், மெல்லிய மினுக்கத்தைத் தேடி இருட்டில் உட்கார்ந்திருக்கும் உணரிகளின் கண் கூசிவிடும். ஆகவே இழைக்குக் கறுப்பு உறை போட்டு ஒளியைக் காக்கிறார்கள். சூட்டின் தொல்லை போய் வெளிச்சத்தின் தொல்லை வந்தது.

பேரம் முடியவில்லை. பேசும் ஆள் மாறியிருக்கிறான்.

15

2012 ஜூலை 4 அன்று செர்னில் ஹிக்ஸ் துகளை அறிவித்தார்கள். அட்லஸுக்கு அதைக் காட்டிக்கொடுத்த தடங்களில் ஒன்று இரண்டு ஒளித்துகள்களாகச் சிதைவது. அந்த ஒளித்துகள்களின் ஆற்றலை அளந்தது ஆர்கான். ஆர்கான் சொன்னது கண்ணாடிக்குள் நின்ற ஊசிகளைத் தாண்டித்தான் வந்தது.

வளையத்தின் அடுத்த கட்டத்துக்காக ஆர்கான் கலன்களின் வெளி மின்னணுவியல் முழுக்க மாறுகிறது. ஒவ்வொன்றும் 128 வாய்க்கால்களைக் கேட்கும் 1524 பலகைகளுக்கும் புதிய பலகைகள் வருகின்றன. உள்ளே இருக்கும் ஆர்கானும் ஈயமும் அப்படியே. ஃபீட்த்ரூவும் அப்படியே. நூற்றாண்டு திரும்பிய காலத்தில் செய்து, நைட்ரஜனில் முக்கி, ஹீலியம் பீய்ச்சிப் பார்த்து, பொருத்திய அதே கண்ணாடி ஊசிகள் 2040 வரை நிற்க வேண்டும் என்பது திட்டம்.

அவற்றை உருக்கி வார்த்தவர்களில் சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். கடைசியாகப் பார்த்தபோது கசிவில்லை என்று ஒரு தாளில் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டிருப்பார்கள். அந்தத் தாளை நினைத்துக்கொள்கிறேன்.

16

ஃபீட்த்ரூவின் வெளித்தகட்டைச் சுற்றி அட்லஸில் சிறு சூடேற்றிகள் வைத்திருக்கிறார்கள். குளிரைக் காக்கக் கட்டிய சுவரில் சூடேற்றி எதற்கு என்று முதலில் புரியவில்லை. எவ்வளவு பேரம் பேசினாலும் கம்பிகள் வழியே குளிர் கொஞ்சம் வெளியே எட்டிப்பார்க்கும், தகடு குளிரும். குகையின் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் பனிக்கும். பனித்த நீர் ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே பாலம் போட்டுவிடும். அதனால் வெளிமுகத்தை அறையின் வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும். தொடுபவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியக் கூடாது.

எங்கள் சிறு ஆய்வகத்தில் சூடேற்றி கிடையாது. அண்ணன்தான் இருந்தார். காலையில் வந்ததும், அளவிகளைப் பார்க்கும் முன், காபிக்குப் போகும் முன், புறங்கையை ஃபீட்த்ரூ தகட்டில் ஒரு கணம் வைத்து எடுப்பார். உள்ளங்கை அல்ல, புறங்கை. பிறகு அந்தக் கையைப் பார்ப்பார்.

ஈரமில்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் காபிக்குப் போய்விடுவார்.